எந்த நாட்டுக் கிட்டார் என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு தந்தை கேட்டிருந்தார்: மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான், எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும் என்கிறான், எந்த நாட்டில் செய்ததை வாங்கலாம்? வந்த பதில் இரண்டே வரி. சைனா, இந்தோனேசியா வேண்டாம். கொஞ்சம் பணம் சேர்த்தாவது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ செய்ததை வாங்குங்கள், ஆயுளுக்கும் உழைக்கும். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அந்த இரண்டு வரியை நம்பி யாரோ ஒருவர் வீட்டு நகையைக் கொண்டுபோய் அடகு வைத்துவிடுவாரே என்ற பயத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் 31 வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன். மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவர்கள், சர்ச் பிள்ளைகள், காலேஜ் பாண்டுகாரர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆசையாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்று பலர் கொண்டுவருகிறார்கள். என் மேசைக்கு வராத நாடு இல்லை. அமெரிக்கா, மெக்சிகோ, ஜப்பான், கொரியா, சைனா, இந்தோனேசியா, நம் கல்கத்தா எல்லாம் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

போன ஏப்ரலில் வில்லிவாக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளோடு வந்தார். ரயில்வேயில் வேலை. பி.எஃப். பணத்தில் கடன் எடுத்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மகளுக்கு அமெரிக்கக் கிட்டார் வாங்கியிருக்கிறார். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "மாஸ்டர், கம்பி எல்லாம் விர்ருனு அடிக்குது. நெக் ஓரத்துல பாப்பாவுக்குக் கை கிழியுது" என்றார். வாங்கித் தடவிப் பார்த்தேன். நெக் என்பது கிட்டாரின் கழுத்து, அதன் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். ஃப்ரெட் முனை ஒவ்வொன்றும் ரம்பப் பல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நெக் பின்பக்கமாக வளைந்திருந்தது. "அமெரிக்கா கிட்டாருக்கே இப்படி ஆகுமா?" என்று அவர் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று அவர் முடிவே செய்துவிட்டிருந்தார்.

அவர் ஏமாறவில்லை. அது நல்ல கிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. படுக்கையறையில், ஏசிக்கு நேர் கீழே, சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். விலை அதிகம் என்பதால் அதுதான் பத்திரமான இடம் என்று நினைத்திருக்கிறார்கள். மரம் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், திருப்பிக் கக்கும். வெட்டிச் செதுக்கி எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் குணம் போகாது. நம் ஊர்க் காற்றோ கடல் காற்று, எப்போதும் ஈரம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் அதே காற்று காய்ந்துபோகிறது. நெக்கின் மேல் ஒட்டிய, விரல் படும் பலகையான ஃபிங்கர்போர்டு சுருங்குகிறது, அதில் பதித்த உலோகம் சுருங்குவதில்லை. அப்போது ஃப்ரெட் முனை நீட்டத்தானே செய்யும். மரம் காயும்போது நெக்கும் பின்னால் வளைந்துவிடும். கம்பி போய் ஃப்ரெட்டில் உரசும். கலிஃபோர்னியாவில் செய்தாலும் சைனாவில் செய்தாலும் மரம் மரம்தான்.

அதே வாரம் ஓட்டேரியிலிருந்து ஒரு பையன் இந்தோனேசியாவில் செய்த கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தான். பழையதாகப் பதினோராயிரத்துக்கு வாங்கியது. நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவன் வீட்டில் ஏசி கிடையாது, ஃபேன்தான். மரத்துக்கு ஒரே மாதிரி காற்று கிடைத்திருக்கிறது. வயர் செருகும் ஜாக் தளர்ந்திருந்தது, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் கரகரத்தது. இரண்டையும் மாற்ற மொத்தம் 600 ரூபாய் ஆனது.

இதைச் சொல்வதால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒன்றல்ல. அந்தப் பெண்ணின் கிட்டாரில் ஃப்ரெட்டை இழைத்த விதமும், உள்ளே சாலிடர் வைத்த சுத்தமும் பார்க்கவே அழகாக இருந்தன. அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பதில் எழுதியவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஒரு கிட்டாருக்கு எத்தனை மணி நேரம் கை உழைப்பு போடலாம் என்று அதன் விலையை வைத்து முதலிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவுக்குத் தகுந்தபடி நாடு தேர்ந்தெடுக்கப்படுகிறது. நாம் நாட்டின் பெயரைப் பார்த்துவிட்டு அந்த ஊர்க்காரனின் கைக்கு மார்க் போடுகிறோம்.

அமெரிக்கக் கை என்பது யாருடைய கை? லியோ ஃபெண்டர் 1946-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், என்ற எலெக்ட்ரிக் கிட்டார் மாடல் வந்தது. அந்தக் காலத்து ஸ்ட்ராட் ஒன்றை இன்று வாங்கப் பல லட்சம் வேண்டும். அந்த ஐம்பதுகளின் நெக்குகளைக் கழற்றினால் சிலவற்றின் அடிமுனையில் பென்சிலால் தேதியும் டி.ஜி. என்ற இரண்டு எழுத்தும் இருக்கும். டாடியோ கோமெஸ் என்பவரின் கையெழுத்து அது. மெக்சிகோ வம்சாவளி. அவர் செதுக்கிய நெக் என்றால் சேகரிப்பவர்கள் உயிரை விடுகிறார்கள். அதே தொழிற்சாலையில் 1956-ல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற அம்மா, கிட்டார் கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப்புக்குக் கம்பி சுற்றினார். முடி போன்ற செம்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றிக் கிட்டத்தட்ட 8,000 சுற்று சுற்ற வேண்டும். அந்த அம்மா 2013-ல்தான் ஓய்வு பெற்றார். அவரும் மெக்சிகோ வம்சாவளிதான். 1987-ல் ஃபெண்டர் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு தொழிற்சாலை திறந்தது. கலிஃபோர்னியாவில் கொரோனா என்ற ஊரில் இன்று அவர்களுக்கு இருக்கும் தொழிற்சாலையிலிருந்து அங்கே போக, சென்னையிலிருந்து திருச்சி போகும் தூரம்கூட இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் செய்தால் "அசல்", அந்தப் பக்கம் செய்தால் "மெக்சிகன்தானே" என்று நம் கடைகளில் உதட்டைப் பிதுக்குகிறார்கள். டாடியோ கோமெஸின் நெக்குக்குக் கும்பிடு போடுகிறவர்கள் என்செனாடாவில் நெக் செதுக்குகிறவரைக் குறைவாகப் பேசுவது எனக்குப் புரிவதே இல்லை.

அமெரிக்கா என்ற முத்திரை இருந்தும் தரம் இறங்கிய காலமும் உண்டு. 1965-ல் ஃபெண்டரை சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. எழுபதுகளில் ஸ்ட்ராட்டின் நெக்கை நான்கு திருகுக்குப் பதில் மூன்று திருகில் மாட்டினார்கள். உடம்பு கனத்தது. நெக் ஆடுகிறது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். ஊர் அதே ஃபுல்லர்டன், முத்திரையும் அதேதான். 1985-ல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை மீட்டபோது அந்தப் பழைய தொழிற்சாலை விற்பனையில் சேரவே இல்லை. பெயர் கையில் இருக்கிறது, செய்ய இடம் இல்லை. அந்த இடைவெளியில் அமெரிக்கப் பெயரைத் தாங்கிப் பிடித்தவை ஜப்பானில் செய்த கிட்டார்கள்தான்.

ஜப்பானை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் தெளிவாகும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஆங்கிலோ இந்தியர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், ராத்திரியில் டான்ஸ் பாண்டில் கிட்டார் வாசிப்பார். அவர் இளமையில் ஜப்பான் கிட்டார் என்றால் யாரும் மதிக்க மாட்டார்களாம். எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் அமெரிக்க மாடல்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நகல் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் 1977-ல் அமெரிக்காவின் இன்னொரு பெரிய கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனீஸ் என்ற ஜப்பான் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற நிறுவனத்தின் மேல் ஹெட்ஸ்டாக், அதாவது கிட்டாரின் தலை, வடிவத்துக்காக வழக்குப் போட்டது. கோர்ட்டில் தீர்ப்பு வரும் முன் சமரசமாகிவிட்டார்கள். 1982-ல் ஃபெண்டரே ஜப்பானில் கூட்டு வைத்து, மட்சுமோட்டோ ஊரின் ஃபுஜிகென் தொழிற்சாலையில் கிட்டார் செய்ய ஆரம்பித்தது. மலிவு விலைக்காக ஸ்குவையர் என்ற பெயரில் வந்த அந்த வருடத்துக் கிட்டார்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். கேவலம் என்று சொன்ன நாடு ஒரு தலைமுறைக்குள் "ஜப்பான் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று ஆனது. கொரியாவைப் பற்றி தொண்ணூறுகளில் என் காதால் கேட்ட பேச்சு, இன்று இந்தோனேசியாவைப் பற்றிக் கேட்கிற அதே பேச்சு. இப்போது பழைய கொரியக் கிட்டாரை விற்கிறவர் "சார், இது கொரியா" என்று குரலைத் தாழ்த்தி ரகசியம் போலச் சொல்கிறார்.

பால் ரீட் ஸ்மித் என்ற அமெரிக்க நிறுவனம் மேரிலாந்து மாநிலத்தில் மிக விலை உயர்ந்த கிட்டார்களைச் செய்கிறது. 2001-ல் எஸ்.இ. என்ற குறைந்த விலை வரிசையைக் கொரியாவில் தொடங்கினார்கள். பிறகு அதை இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்தில் இருக்கும் கோர்ட் (Cort) என்ற கொரிய நிறுவனத்தின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தொழிற்சாலையில் கோர்ட் தன் சொந்தப் பெயரிலும் செய்கிறது, வேறு பெரிய பெயர்களுக்கும் செய்து கொடுக்கிறது. ஒரே ஊர், அதே ஆட்கள். ஒன்று இருபதாயிரத்துக்கு விற்கும், இன்னொன்று எண்பதாயிரத்துக்கு விற்கும். "இந்தோனேசியா நல்லதா கெட்டதா?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? இருபதாயிரத்தில் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் நட் மெத்தென்ற பிளாஸ்டிக், பிக்கப்பின் அடியில் ஒட்டிய ஒரு செராமிக் காந்தம், குட்டி பாட், ஃப்ரெட் முனையில் இரண்டு இழுப்பு அரம். எண்பதாயிரத்தில் எலும்பிலோ அதற்கு நிகரான பொருளிலோ நட், நல்ல சுவிட்ச், ஃப்ரெட்டை உருட்டி இழைக்க ஒரு ஆளுக்கு நேரம்.

கொரியா என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. கோர்ட் நிறுவனம் 2007-ல் தொடங்கி இஞ்சியோனிலும் டேஜியோனிலும் இருந்த தன் கொரியத் தொழிற்சாலைகளை நிறுத்தி, ஆட்களை வேலையை விட்டு அனுப்பியது. உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சைனாவுக்கும் போனது. வேலை இழந்தவர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். தாங்கள் செய்த கருவியை வாசிக்கவே தெரியாமல் இருந்த சிலர் அந்தப் போராட்டத்தில்தான் கிட்டார் கற்றுக்கொண்டு ஒரு பாண்டு அமைத்தார்கள். 2019-ல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஒரு பிராண்டு நாடு மாறுகிறது என்றால் இதெல்லாம் நடக்கிறது. கொரிய ஃப்ரெட்காரர் கை மோசமாகிவிட்டது என்பதற்காக யாரும் சுரபாயா போகவில்லை. கூலி அங்கே குறைவு.

இன்னொரு செய்தி நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் ஸ்குவையர் 2 என்ற பெயரில் வந்த ஸ்ட்ராட்டுகளில் சில இந்தியாவில் செய்யப்பட்டு வெளிநாட்டுக்குப் போனவை. ஒன்றே ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. லண்டனில் இருந்து திரும்பியவர் கொண்டுவந்தார், பின்னால் "மேட் இன் இந்தியா" என்று இருந்தது. என் பக்கத்துக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுபடி வில்லிவாக்கத்துக்காரரிடம் வருகிறேன். கிட்டாரை ஒரு வாரம் ஏசி இல்லாமல் என் கடையிலேயே வைத்திருந்தேன். மரம் கொஞ்சம் ஈரம் குடித்ததும் பாதி ஃப்ரெட் தானாகவே உள்ளே போனது. மீதியை அரத்தால் இழைத்தேன். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரி செய்யும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன். கம்பி உயரம் சரி செய்தேன். அவர் வாங்க வந்தபோது கம்பியைக் கழற்றிய கிட்டார் மேசையில் கிடந்தது. அந்தக் கறுத்த பழுப்பு ஃபிங்கர்போர்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "இது என்ன மரம் தெரியுமா? நம்ம ஈட்டி" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "ஈட்டியா? எங்க தாத்தா கட்டில் ஈட்டிங்க, இப்பவும் ஊர்ல கிடக்கு" என்று சொல்லி விரலால் ஒரு முறை தடவினார். இந்திய ரோஸ்வுட் என்று உலகம் முழுக்கக் கிட்டாரில் போடும் மரம், நீலகிரியிலும் வயநாட்டிலும் வளரும் நம் ஈட்டிதான். 2011-ல் கிப்சனின் தொழிற்சாலைகளில் அமெரிக்க அரசு அதிகாரிகள் சோதனை போட்டதே இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளுக்காகத்தான். அமெரிக்கக் கிட்டார் என்று ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்குகிறோம், விரல் படுகிற இடம் கூடலூர்ப் பக்கத்து மரமாக இருக்கலாம். ட்யூனிங் கீ ஜப்பானில் அச்சு வார்த்ததாக இருக்கலாம், பாட் தைவானாக இருக்கலாம். கிட்டாரின் தலையில் ஒரே ஒரு நாட்டின் பெயரை எழுத இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, நாடு எங்குமே முக்கியமில்லையா என்றால், இருக்கிறது. என் மாதிரி ஆட்களின் டப்பாவில் இருக்கிறது. அமெரிக்கக் கிட்டார் அங்குல அளவில் செய்தது, ஆசியக் கிட்டார் மில்லிமீட்டரில் செய்தது. ட்ரஸ் ராடுக்குப் போடும் ஆலன் கீ இரண்டுக்கும் வேறு. தெரியாமல் கிட்டத்தட்ட பொருந்துகிற ஒன்றை நுழைத்துத் திருப்பினால் உள்ளே வழுவிவிடும், அப்புறம் நெக்கையே மாற்ற வேண்டியதுதான். வால்யூம் பாட் தண்டில் பல் எண்ணிக்கை அமெரிக்காவில் 24, ஆசியாவில் பெரும்பாலும் 18. ஆன்லைனில் ஆசையாக வாங்கிய குமிழ் மாட்ட வராமல் எத்தனையோ பேர் அதை என்னிடம் கொண்டுவருகிறார்கள். உடம்பில் கம்பிகள் தங்கும் பிரிட்ஜின் திருகு இடைவெளி வேறு. விலை குறைந்த சில மாடல்களில் உடம்பு மெலிதாக இருக்கும், அதற்குள் நல்ல ட்ரெமலோ பிளாக் (சுதியை அசைக்கும் கைப்பிடிக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டை) இறங்காது. பின்னால் பாகம் மாற்ற நினைப்பவர்கள் எங்கே செய்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

விற்கும்போதும் நாடு பேசும். அமெரிக்கப் பெயருக்கு மறுவிலை உண்டு, இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மரச் சட்டமும் இடையில் விளையாடியது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஈட்டி போட்ட கிட்டாருக்கு அனுமதிச் சீட்டு என்ற நிலை. உடனே மெக்சிகோவில் செய்த ஃபெண்டர்களில் ஈட்டிக்குப் பதிலாக பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரம் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அந்த இடைப்பட்ட காலத்துக் கிட்டாரைக் கையில் எடுத்து, மெக்சிகன் என்பதால்தான் மட்டமான மரம் போட்டிருக்கிறான் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் விளக்கினார். பாவ் ஃபெர்ரோ மட்டமான மரம் அல்ல, கெட்டியான மரம். நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும்.

நாட்டின் மேல் பழி போடும் இன்னொரு விஷயம் இரைச்சல். "சைனா பிக்கப், அதான் உம்முனு கத்துது" என்று மாதத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள். ஒற்றைக் காயில் பிக்கப் எந்த நாட்டில் செய்தாலும் நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுக்கும், அதன் அமைப்பே அப்படி. லியோ ஃபெண்டர் கையால் செய்ததும் இழுக்கும். அது போக, நம் வீடுகளில் பாதி பிளக்கில் எர்த் ஒழுங்காக இருப்பதில்லை. வியாசர்பாடியில் ஒரு சர்ச்சில் மூன்று கிட்டார் மாற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒலி பெருக்கும் ஆம்ப் செருகிய பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன். கிட்டார் வாசிக்கும்போது கம்பியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

என் மாஸ்டரின் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது வெளிநாட்டுச் சாமான் வாங்க வழியில்லை. ஏலத்தில் போன பழைய ரயில் பெட்டியின் தேக்குப் பலகையை வாங்கி, தெருவில் இருந்த ஆசாரியிடம் கொடுத்து உடம்பு அறுத்திருக்கிறார். மோட்டார் காயில் கட்டுகிறவர் பிக்கப் சுற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கிட்டாரில் பத்து வருடம் வாசித்து மூன்று தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தார். அதை நான் கையில் எடுத்து வாசித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அது நல்ல கிட்டார் இல்லை. ஃப்ரெட் இடைவெளி கணக்கு எங்கோ தப்பியிருந்தது, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் சுதி நிற்காது. அவர் விரலை லேசாக இழுத்து இழுத்தே சுதி சேர்ப்பார். கருவி சரியில்லை என்றால் அந்தக் கஷ்டம் எப்படிப்பட்டது என்று பார்த்தவன் நான். அதனால்தான் "எதையாவது வாங்கு, எல்லாம் கையில்தான் இருக்கிறது" என்றும் யாரிடமும் சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சுதி நிற்கும் கிட்டார் வேண்டும், விரல் வலிக்காத கிட்டார் வேண்டும். அது இன்று இருபதாயிரத்துக்குக் கிடைக்கிறது என்பதை மாஸ்டர் இருந்து பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கேள்வி கேட்ட அந்தத் தந்தை கடைக்குப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கிட்டாரின் தலைப்பக்கத்திலிருந்து நெக்கை, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். மிக மிக லேசான குழிவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. உள்ளங்கையை ஓரத்தில் மேலும் கீழும் ஓட்டினால் ஃப்ரெட் குத்தக் கூடாது. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அமுக்கி வாசித்துக் கேட்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் பரவாயில்லை, பணம் உங்களுடையது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அமுக்கி வாசிக்கும் ஒலியும் ஒரே சுதியில் இருக்க வேண்டும். இருபது தடவை கம்பியை இழுத்து வாசித்த பிறகும் சுதி நிற்கிறதா பாருங்கள். வால்யூம் குமிழைத் திருப்பி, சுவிட்சைத் தட்டி, ஜாக்கை ஆட்டிக் கேளுங்கள். பையன் அதை மடியில் வைத்ததும் கீழே வைக்க மனமில்லாமல் வாசிக்கிறானா என்றும் பாருங்கள். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாட்டில் ஒரே மாதம் செய்த இரண்டு கிட்டார்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் அப்போது தெரியும்.

நாற்பதாயிரம் கையில் இருக்கிறது என்றால் இருபத்தைந்துக்குக் கிட்டார் வாங்கி, மீதியில் ஒரு நல்ல ஆம்ப் வாங்குங்கள். ஆயிரத்து ஐந்நூறை செட்டப்புக்கு ஒதுக்குங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் பாதி ஒலி ஆம்பில்தான் பிறக்கிறது, அதை யாரும் எந்த நாடு என்று கேட்பதுகூட இல்லை. நட்டை இழைத்து, கம்பி உயரம் வைத்து, சுதி சரி பார்க்க எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். தொழிற்சாலையில் கொடுக்காத அந்த மூன்று மணி நேரத்தை நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர்களிடமும் கும்பிட்டுக் கேட்கிறேன். பெட்டியைப் பிரித்து அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். கடல் கடந்து கண்டெய்னரில் வந்த மரம் அது. ஒரு வாரம் கடைக் காற்றில் வைத்து, செட்டப் செய்து கொடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால்கூடத் தருவார்கள், காரணத்தைச் சொன்னால் போதும்.

வில்லிவாக்கத்துப் பெண் இப்போது கிட்டாரை ஏசி அறையிலிருந்து எடுத்து முன்னறையில், பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். ஈஸ்டர் ஆராதனையில் வாசித்த வீடியோவை அனுப்பியிருந்தாள். சுதி நன்றாக நிற்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் நெக் முன்பக்கம் வளையும், கம்பி உயர்ந்துவிடும். அப்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்ப்பவர்,
பெரம்பூர், சென்னை - 11